மலையாட்டுத் தாவல்

சுவைலிமுக்கு முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது. ஜோர்டான் பாலைவனத்து ரும் ஊரில் அது யாருக்கும் தெரியாது. இரண்டு வருடமாக அவன் மலை ஏறாததற்கு முழங்கால்தான் காரணம் என்று ஊரே நம்பியிருந்தது. அவன் மனைவி முஸ்னா ஆறு மாதம் விடாமல் ஆட்டுக் கொழுப்பை உருக்கி, ஆலிவ் எண்ணெயில் குழைத்து, அந்த முழங்காலில் தேய்த்தாள். அவனும் "அங்கதான், அங்கதான்" என்று முனகிக் காட்டினான்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வசந்த காலத்தில், இரண்டு பிரெஞ்சுக்காரர்களை மலைக்குக் கூட்டிப் போயிருந்தான். பாதி உயரத்தில் மலையாட்டுத் தாவல் என்று ஓர் இடம் உண்டு. பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு நீண்ட எட்டு வைக்க வேண்டும், நடுவில் அறுபது மீட்டர் ஆழம். எட்டு வைத்ததும் எதிர்ப் பாறையில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கல்லைப் பிடிக்க வேண்டும். அவன் அப்பனும் பாட்டனும் மலையாடு வேட்டைக்கு வெறுங்காலோடு போய்ப் பிடித்த கல் அது. அன்றைக்கு அந்தக் கல் ரொட்டித் துண்டு பிய்வதுபோலப் பிய்ந்து அவன் கையோடு வந்துவிட்டது.

அவன் விழவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம், வலது கையில் கல்லும் காலடியில் ஒன்றுமில்லாமலும், இடது கை விரல்களில் தொங்கினான். பிறகு எப்படியோ ஏறிவிட்டான். பின்னால் வந்தவர்கள் கவனிக்கவே இல்லை. கீழே இறங்கி டீ குடித்தார்கள், கை குலுக்கினார்கள், போய்விட்டார்கள். மறுநாள் காலையில் வாசலில் நின்று மலையை நிமிர்ந்து பார்த்தபோது அவனுடைய உள்ளங்கை இரண்டும் நனைந்துபோயின.

யாராவது செத்திருந்தால் அதைச் சொல்லிக்கொள்ளலாம். எலும்பு முறிந்திருந்தால் காட்டலாம். ஒன்றுமே நடக்காத ஒன்றுக்காக நாற்பத்து நாலு வயது ஆண்பிள்ளை நடுங்குகிறான் என்று எந்த வாயால் சொல்வது? முழங்கால் என்றான். ஜீப் ஓட்ட ஆரம்பித்தான். மணல்மேட்டுக்கும் பழைய எழுத்துப் பாறைக்கும் பயணிகளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். மலை எப்போதும் ஜீப்பின் ஏதாவது ஒரு கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தது.

நவம்பரில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். பக்கத்து ஊரான தீஸாவில் ஒரு கல்யாணம் என்று ஊரில் பாதிப்பேர் போயிருந்தார்கள், ஒருவனைத் தவிர மற்ற வழிகாட்டிகள் அத்தனை பேரும் உட்பட. முஸ்னாவின் ஆடு ஒன்று குட்டி போடும் நிலையில் இருந்ததால் இவர்கள் தங்கிவிட்டார்கள். ஃபோன் அடித்தது. முஸ்னாவின் தம்பி ஃபர்ராஜ். விடியற்காலையில் ஒரு செக் நாட்டு அம்மாளை மலைக்குக் கூட்டிப் போயிருந்தவன்.

"மச்சான், முழங்கால் எப்படி இருக்கு?" என்றான்.

"இருக்கு. என்ன விஷயம்?"

"என்னோடது வேலை செய்யல. முழங்காலுக்குக் கீழ எல்லாமே வேற பக்கம் திரும்பிக் கிடக்கு."

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் அறுந்து, பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"எங்க இருக்க?"

"தொண்டைல."

சுவைலிம் எழுந்து நின்றுவிட்டான். மலையின் உச்சி முழுவதும் கவிழ்த்துப் போட்ட சட்டிகள் மாதிரி வெள்ளை மொட்டைப் பாறைகள். ஒரு சொட்டு மழையைக்கூட அவை குடிக்காது. அத்தனை தண்ணீரும் சரிந்து ஒரே இடுக்கு வழியாகத்தான் கீழே பாயும். அதற்குத்தான் ஊரில் தொண்டை என்று பேர். இரண்டு பக்கமும் சுவர், அகலம் ஒரு ஜீப் நுழையும் அளவு. கதவைத் தள்ளி வெளியே வந்து தென்மேற்கில் பார்த்தான். அகபா கடற்கரைப் பக்கம் வானம் கரிப்பிடித்த கெண்டியின் அடிபோல இருந்தது.

"மச்சான், பாத்தீங்களா வானத்தை?"

"பாக்கறேன்."

"அந்தம்மா நல்ல அம்மா. ஊன்றுகோலை வச்சுக் காலைக் கட்டிவிட்டாங்க. ஆனா என்னைத் தூக்க அவங்களால ஆகாது. தனியாப் போங்கன்னேன், மாட்டேங்கறாங்க. ரெண்டு ஆள் இருந்தா மேல இருக்கற பாறைத் தட்டுக்கு ஏத்திடலாம். பேரிடர் மீட்புக்காரங்களுக்குச் சொல்லிட்டேன். அகபாலேர்ந்து வரணும், அவங்களுக்கு வழியும் தெரியாது." கொஞ்சம் நிறுத்தினான். "தாவல்ல பழைய பிடி இல்ல மச்சான். எவனோ பிடுங்கிட்டுப் போயிட்டான். முழங்கால் உயரத்துல ஒரு பொந்து இருக்கு, அதுல கைய விடுங்க."

பிடுங்கியவன் யார் என்று சுவைலிமுக்குத் தெரியும். அன்றைக்குப் பையில் போட்டுக் கொண்டுவந்த அந்தக் கல் வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூண்டின் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

முஸ்னா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே நின்றாள். பாதிப் பேச்சிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

"எப்பக் கிளம்பறீங்க?" என்றாள்.

"தீஸாவுக்கு ஃபோன் போடறேன். யாராவது..."

"அவங்க வந்து சேர ஒரு மணி நேரம். ஏற ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள மழை வந்துரும்."

"எனக்கு முழங்கால், முஸ்னா."

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த கயிற்றுச் சுருளை எடுத்து வந்து அவன் காலடியில் போட்டாள்.

"முழங்கால் வலிச்சா வலிக்கட்டும் அபூ நாயிஃப். நானும் வரேன். ரெண்டு ஆள் வேணும்னானே."

"பைத்தியமா உனக்கு?"

"ரெண்டாம் தட்டு வரைக்கும் பத்து வருஷம் ஆடு மேச்சவ நான். நீங்க பயணிங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே அங்க போனவ. சாவியை எடுங்க."

அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தியபோது காற்று நின்றிருந்தது. ஆடு வளர்ப்பவர்களுக்கும் மலையேறுபவர்களுக்கும் அதைவிடக் கெட்ட அடையாளம் வேறு இல்லை. கருங்கல்லும் செம்பாறையும் சேரும் மட்டத்தில் வழக்கமாகக் கத்திக்கொண்டிருக்கும் பறவைகள்கூட வாயை மூடியிருந்தன.

முதல் தட்டு வரை நடைதான். அதிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. ஏறியதால் அல்ல. செருப்பைக் கழற்றிப் பாறைக்கான காலணியை மாட்டும்போது கயிறு விரலில் நிற்கவில்லை. மூன்று தடவை முடிச்சுப் போட்டான். முஸ்னா பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே போட்டிருந்த மகன் நாயிஃபின் பழைய விளையாட்டுக் கால்சட்டையோடு முன்னால் போனாள்.

முன்காலத்து ஆட்கள் அடுக்கிய கல்படி வந்தது. பிறகு சரிவுப் பாறை. கையையும் காலையும் ஊன்றி ஏறவேண்டிய இடம், ஆனால் சிறுபிள்ளையும் ஏறும். அதில் பாதியில் சுவைலிமின் இடது கால் தையல் மிஷின் ஊசி மாதிரி ஆட ஆரம்பித்தது. குதிகாலை அழுத்திப் பார்த்தான், நிற்கவில்லை. கன்னத்தைப் பாறையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். பாறை வெதுவெதுப்பாக இருந்தது. அவன் பிடித்திருந்த ஒவ்வொரு கல்லும் இப்போதே பிய்ந்து வரப்போகிறது என்று தோன்றியது. அப்படி எண்ணாதே என்று தனக்குத்தானே சொன்னான். சொல்லச் சொல்ல அது இன்னும் நிச்சயமாகத் தோன்றியது.

"என்ன ஆச்சு?" மேலிருந்து முஸ்னா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வலி."

இரண்டாம் தட்டைத் தாண்டி, சுவரை ஒட்டிய ஒற்றையடி விளிம்பில் நகர்ந்து, தாவலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தது. முஸ்னா இவ்வளவு தூரம் வந்ததில்லை. ஊர்ப் பெண்பிள்ளைகளும் ஆடுகளும் இங்கே வருவது கிடையாது. பிளவின் ஓரத்துக்குப் போய் எட்டிப்பார்த்து, மெதுவாகப் பின்வாங்கினாள். கீழேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது, கிணற்று வாசனையோடு.

எதிர்ப் பாறையில் அந்தக் காது இருந்த இடம் தெரிந்தது. சுற்றிலும் வெயிலில் கறுத்த பாறை, அந்த இடம் மட்டும் புதுக்காயம் மாதிரி சிவப்பு.

சுவைலிம் உட்கார்ந்துவிட்டான். உட்கார வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை, கால் மடிந்துவிட்டது. முதுகைச் சுவரோடு ஒட்டி, கையிரண்டையும் தரையில் பதித்துக்கொண்டான்.

"முழங்காலா?" என்றாள் முஸ்னா.

"இல்ல."

"பின்ன?"

"முழங்கால் இல்ல முஸ்னா. முழங்கால்ல எனக்கு எதுவுமே இல்ல. எப்பவும் இருந்ததில்ல." குரல் அவனுடையதாக இல்லை. "அந்தக் கல்லு என் கையோடதான் வந்துச்சு. அன்னையிலேர்ந்து எனக்குப் பயம். வீட்டு வாசல்ல நின்னாப் பயம். தூக்கத்துலயும் பயம். இதைத் தாண்ட என்னால ஆகாது."

அவள் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு, "ஆறு மாசம்," என்றாள்.

"தெரியும்."

"ஆறு மாசம் ஆட்டுக் கொழுப்பு தேச்சேன். என் கையில அந்த நாத்தம் இன்னும் போகல. விருந்தாளிக்கு ரொட்டி தட்டக்கூட வெக்கப்பட்டேன். 'அங்கதான், அங்கதான்'ன்னீங்களே, எங்க?"

தூரத்தில் இடி உருண்டது. வானம் தலைக்குமேல் வரை வந்துவிட்டிருந்தது.

முஸ்னா கயிற்றுச் சுருளை அவிழ்த்தாள். ஒரு நுனியை எடுத்துத் தன் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி, ஆட்டைக் கட்டுவதுபோல ஒரு முடிச்சுப் போட்டாள்.

"என்ன பண்ற?"

"என் தம்பி அங்க கிடக்கான். நீங்க இந்த நுனியைப் பிடிச்சுக்கங்க. அதுவாவது முடியுமா?"

சுவைலிம் அந்த முடிச்சைப் பார்த்தான். இழுத்தால் உருவிக்கொள்ளும் முடிச்சு. ஆட்டுக்குப் போதும், ஆளுக்குப் போதாது. அவள் பிளவின் ஓரத்தில் நின்று எட்டின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். அவள் உயரத்துக்கு அது எட்டாது. கால் எதிர்ப் பக்கம் படும், கை எதையும் பிடிக்காது. அப்படியே பின்னால் சாய்வாள். கயிறு அவிழ்ந்து, அவன் கையில் வெறும் நுனி மிஞ்சும். இதை அவன் யோசிக்கவில்லை, கண்ணெதிரே பார்த்தான்.

தவழ்ந்துபோய் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். "அவிழ்த்துடு. அந்த முடிச்சு நிக்காது."

"சரியாப் போட்டுவிடுங்க, பின்ன."

முடிச்சு தானாக வந்தது. முப்பது வருடம் போட்ட முடிச்சு. ஆனால் அதை அவளுக்குப் போடவில்லை. தன் இடுப்பில் போட்டுக்கொண்டான். பின்னாலிருந்த பாறைக் கொம்பில் கயிற்றைச் சுற்றி, எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி விட வேண்டும் என்று அவளுக்குக் காட்டினான்.

"பயம் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. பேசாத."

ஓரத்தில் நின்றான். வாய் தானாக இறைவன் பெயரைச் சொன்னது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்கக் கையை எடுக்க அவனுக்குத் துணிவில்லை. அவன் அப்பன் வேட்டையாடிய மலையாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இதை ஒரே எட்டில் கடப்பானாம். சுவைலிமும் நூறு தடவைக்குமேல் கடந்திருக்கிறான். எந்தக் காலை முதலில் வைப்பது என்பதுகூட இப்போது மறந்துபோயிருந்தது. முதல் சொட்டு மழை அவன் கழுத்தில் விழுந்தது. எட்டு வைத்தான்.

கால் பட்டது. வலது கை பழைய பழக்கத்தில் காதைத் தேடி உயர்ந்து, வெறும் பாறையில் வழுக்கியது. உடம்பு பின்னால் சாய்ந்தது. இடது கை மட்டும், அவனைக் கேட்காமலே, முழங்கால் உயரத்தில் இருந்த பொந்துக்குள் போய் அடைத்துக்கொண்டது. அப்படியே நாய்போலக் குனிந்து, நெற்றியைப் பாறையில் மோதி, உள்ளே இழுத்துக்கொண்டான். எதிர்ப் பக்கத் தட்டில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தான். காலையில் குடித்த டீ மட்டும் வந்தது.

"சரியா இருக்கீங்களா?"

"கயித்தைக் கட்டறேன். அதைப் பிடிச்சுட்டு வா."

பாறைக் கொம்பில் இரட்டையாகப் போட்டு இழுத்துக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் எல்லாரையும் திட்டியபடி முஸ்னா வந்து சேர்ந்தாள். சுவைலிம் கயிற்றை உருவி எடுத்துக்கொண்டான்.

தொண்டைக்குள் நுழைந்தபோது மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஃபர்ராஜ் மணலில் சுவரில் சாய்ந்து கிடந்தான், முகம் சாம்பல் நிறம். பக்கத்தில் அந்தச் செக் அம்மாள், அறுபது வயதிருக்கும், பெயர் யித்கா. தன் மழைச்சட்டையை அவன்மேல் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவள் வாய் கோணியது. அழுகையை விழுங்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அக்காவையுமா கூட்டிட்டு வந்தீங்க?" என்றான் ஃபர்ராஜ்.

"வாயை மூடுடா," என்றாள் முஸ்னா. குனிந்து அவன் நெற்றியில் முத்தமிட்டாள்.

தட்டு நாலு ஆள் உயரத்தில் இருந்தது. சுவரில் கால்வைக்கக் குழிகள் உண்டு. ஃபர்ராஜுக்கு அவை இருந்தும் இல்லாததுபோலத்தான். சுவைலிம் மேலே ஏறி, கயிற்றை ஒரு கல்லில் சுற்றிப் போட்டான். முஸ்னா மேலே வந்து அவனோடு இழுத்தாள். யித்கா கீழே நின்று ஃபர்ராஜின் நல்ல காலைத் தன் தோளில் வைத்துக்கொண்டு முட்டுக்கொடுத்தாள். முறிந்த கால் சுவரில் இடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் அலறினான். பாதி உயரத்தில் அலறல் நின்றது, மயங்கிவிட்டிருந்தான்.

"இழு, மயக்கத்துலயே இழுத்துரலாம்," என்றாள் முஸ்னா.

அவனை விளிம்புக்குமேல் புரட்டிப் போட்டபோது தரை அதிர்வதை சுவைலிம் உணர்ந்தான். காதுக்குக் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. கயிற்றைக் கீழே வீசினான். யித்காவுக்கு அவன் மொழி தெரியாது, அவனுடைய முகத்தைப் பார்த்தாள், போதுமாயிருந்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு குழிகளில் கால்வைத்து ஏறினாள். மூன்றாவது குழியில் கால் வழுக்கியது. சுவைலிமும் முஸ்னாவும் அவளை மூட்டையைப்போல இழுத்தார்கள்.

தண்ணீர் வந்தது. முதலில் ஒரு முழ உயரத்துக்கு நுரையும் சுள்ளியும். அதன்பின் பழுப்பு நிறத்தில் ஒரு சுவர், உள்ளே கற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தத்தோடு. ஃபர்ராஜ் சாய்ந்திருந்த இடத்தில் கிடந்த இரண்டு பைகளும் ஒரு தடவை மேலே தெரிந்து மறைந்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. தட்டின் விளிம்புக்கு ஒரு ஆள் உயரம் கீழே வந்து, அங்கேயே குமுறிக்கொண்டு நின்றது. பேசினால் காதில் விழாத இரைச்சல். நாலு பேரும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சுவைலிமின் உடம்பு முழுவதும் உதறியது. யித்கா அவன் பக்கம் திரும்பி, நடுங்கும் தன் கையை நீட்டிக் காட்டினாள். பிறகு அந்தக் கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். முஸ்னா அதைப் பார்த்தாள்.

ஃபர்ராஜுக்கு நினைவு திரும்பியது. கொஞ்ச நேரம் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குளிரா மச்சான்?" என்று கத்தினான்.

சுவைலிம் அவன் காதருகே குனிந்தான். "பயம்."

"எனக்கும்தான். ஆனா எனக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. உங்களுக்கு என்ன?"

"ரெண்டு வருஷமா."

ஃபர்ராஜ் கேலி பேச வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

ஒரு மணி நேரத்தில் மழை விட்டது. மூன்று மணி வாக்கில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியது. நாலு மணிக்கு ஆறு பேர், பேரிடர்ப் படையின் சீருடையில், செய்தி கேட்டு தீஸா கல்யாணத்திலிருந்து ஓடிவந்த இரண்டு வழிகாட்டிகளோடு வந்து சேர்ந்தார்கள். ஃபர்ராஜைத் தூக்குப்படுக்கையில் கட்டித் தாவல் வரை கொண்டுவந்தார்கள். தலைவன் ஒரு மெல்லிய ஆள், அவன் தாவலின் ஓரத்தில் நின்று மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

"நீங்கதான் இந்த வழியை நல்லாத் தெரிஞ்சவர்ங்கறாங்க. வர்றப்பவே தட்டுத்தடுமாறித்தான் தாண்டினோம், பாறை ஈரமா இருக்கு. முதல்ல நீங்க கடந்து எங்க கால் வைக்கணும்னு காட்டுங்க, நாங்க படுக்கையைக் கொண்டு வரோம்."

வழிகாட்டிகள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முஸ்னாவும்.

"காட்டறேன்," என்றான் சுவைலிம். "ஆனா எனக்குப் பயமா இருக்கு தம்பி. பின்னாலேர்ந்து என் இடுப்புப் பட்டையைப் பிடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் விடாத."

வழிகாட்டி ஒருவன் சிரிக்கப் போனான். தலைவன் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, வெறுங்கையால் சுவைலிமின் இடுப்புப் பட்டையை இறுக்கிப் பிடித்தான்.

"பிடிச்சுட்டேன்," என்றான்.

இருட்டிக் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கீழே வந்துவிட்டார்கள். ஃபர்ராஜின் காலில் இரும்புத் தகடு வைத்தார்கள். அடுத்த ரம்ஜானுக்குக் கோலில்லாமல் நடந்தான். யித்கா இரண்டு வாரம் அவர்கள் வீட்டிலேயே தங்கி, முஸ்னாவிடம் ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டு போனாள். சுவைலிம் பிறகு மலை ஏறவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் பயம் என்றே சொன்னான். சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் மட்டும், தானும் நாற்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் தாவலில்தான் வேட்டையை விட்டதாகச் சொல்லி, பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

வெள்ளத்துக்கு மறுநாள் மலை முழுவதும் அருவியாக வழிந்தது. ஊரே பாத்திரத்தோடும் பிள்ளைகளோடும் பார்க்கப் போனது. சுவைலிம் போகவில்லை. மதியம் வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்கினான். ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது. முஸ்னா அவனை எழுப்பாமல், குட்டிகளைத் தானே துடைத்துத் தாயிடம் விட்டாள்.